குன்னூர்ப் பக்கம் எரியுலை வந்தால் குப்பைத் தொல்லை தீருமா?

#1 மூடுபனி (குன்னூர்)

போன வாரம் எங்கள் வார்டில் ஒரு கூட்டம். குப்பைதான் பேச்சு. வழக்கம்போல "பிரித்துக் கொடுங்கள்" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் குறை சொல்லி, கடைசியில் ஒருவர் எழுந்து "சின்னதா ஒரு இன்சினரேட்டர் போட்டா தீர்ந்தது, எதுக்கு இத்தனை பேச்சு?" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும்தான்.

என் கணக்கு எளிது. மலையில் குழி வெட்டிப் புதைக்க இடமில்லை. வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனி. கிடங்கில் குவித்தால் கசிவு நீர் ஓடையில் இறங்குகிறது. திறந்து கிடந்தால் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல் வரை வந்துவிடுகின்றன. எரித்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு சாம்பல், வேலை முடிந்தது. சுவீடனும் டென்மார்க்கும் குப்பையை எரித்தே வீடுகளைச் சூடாக வைத்திருக்கின்றன. நமக்கு மட்டும் ஏன் ஆகாது?

எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். "சுற்றுச்சூழல்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகவேண்டாம்.

#2 ரூம்நம்பர்12 (ஊட்டி)

ஆதரவு. காட்டேஜ் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடத்தில் சேரும் குப்பை, மற்ற மாதத்தில் ஒரு வாரத்துக்கு வருவது. பிரிக்கச் சொல்லி அறைக்கு அறை மூன்று டப்பா வைத்தேன். விருந்தாளிகள் மூன்றிலும் பிரியாணிப் பொட்டலத்தைத்தான் போடுகிறார்கள்.

#3 பாய்லர்தாத்தா (கேத்தி)

வேலை பார்த்த காலம் முழுக்கக் கொதிகலனோடு இருந்தவன் நான். எரிப்பதற்கு எதிரி இல்லை. எதை எரிக்கப் போகிறோம் என்று மட்டும் கேட்கிறேன்.

நம் வீட்டுக் குப்பையில் எடைக்கு ஏறக்குறையப் பாதி சமையலறைக் கழிவு. முட்டைகோஸ் தழை, டீத்தூள், மிச்சச் சோறு. அதில் பத்துக்கு ஏழு பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். அப்படியென்றால் ஒரு கிலோ ஈரக் குப்பையில் இருக்கும் 700 கிராம் தண்ணீரை விரட்டவே 430 போய்விடும். மீதமுள்ள 300 கிராம் உலர் பொருள் கொடுப்பது 1200 இருந்தால் பெரிது. கையில் நிற்பது 800க்கும் கீழே. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரியாவது தருகிற கழிவைத்தான் எரிபொருள் பக்கம் அனுப்பச் சொல்லின. நம் கலவைக் குப்பை அந்தக் கோட்டைத் தாண்டாது. உலை தானாக எரியாது. டீசல் ஊற்றுவார்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக்கை அள்ளிப் போடுவார்கள்.

டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். சில வாரங்களில் படுத்துவிட்டது. காரணம் இதே ஈரமும் மண்ணும்தான். இயந்திரத்தில் கோளாறு இல்லை. அவர்கள் ஊர்க் குப்பைக்குச் செய்த அடுப்பில் நம் ஊர்க் குப்பையைப் போட்டார்கள்.

அடுத்தது, "சின்னதா" என்கிற சொல். எரியுலையில் சின்னதுதான் ஆபத்தானது. விதிப்படி உள்ளே 950 டிகிரி இருக்கவேண்டும், புகை அந்தச் சூட்டில் குறைந்தது 2 நொடி நிற்கவேண்டும். வெளியே வரும் புகையில் டயாக்சின், ஃபியூரான் என்கிற விஷச் சேர்மங்கள் இரண்டும் சேர்த்து ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது. பெரிய ஆலை இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம், அதற்கும் நல்ல வடிகட்டிகள் வேண்டும். வார்டுக்கு ஒன்று என்று வைக்கும் உலை காலையில் பற்றவைத்துச் சாயங்காலம் அணைக்கப்படும். பற்றும்போதும் அணையும்போதும்தான் விஷம் அதிகம். புகை ஆறும்போது 450இலிருந்து 200 டிகிரி வரை மெதுவாக இறங்கினால், உடைந்து போன டயாக்சின் மறுபடி உருவாகிவிடும். அதை அளக்க நகராட்சி அலுவலகத்தில் இருக்கிற எந்தக் கருவியாலும் முடியாது.

நம் பள்ளத்தாக்கையும் சேர்த்துக் கொள்ளுங்கள். டிசம்பர் காலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் யாராவது சருகு கொளுத்தினால் புகை எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கீழே குளிர்காற்று, மேலே சூடான காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்திருக்கும். பத்து மணி வெயில் வரும்வரை நகராது.

சாம்பல் பத்தில் ஒரு பங்கு என்பது கன அளவில் சரி. எடையில் பார்த்தால் நாலில், ஐந்தில் ஒரு பங்கு வரும். அதிலும் புகைக்குழாயில் பிடிபடும் பறக்கும் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும். அதைச் சாதாரணக் குழியில் கொட்டக்கூடாது. ஆக, கிடங்கு வேண்டாம் என்று உலை வைத்தால், உலைக்கு ஒரு கிடங்கு வேண்டும்.

#4 மூடுபனி (குன்னூர்)

தாத்தா, இது நான் கேட்ட மாதிரியான பதில். ஒரே சந்தேகம். இங்கே டீ ஃபேக்டரிகளில் விறகு அடுப்பு தினமும் எரிகிறது. உலர் குப்பையை மட்டும் அங்கே கொடுத்தால் என்ன?

#5 பாய்லர்தாத்தா (கேத்தி)

வேண்டாம் ஐயா. விறகடுப்பில் அந்தச் சூடும் கிடையாது, புகை வடிகட்டும் கிடையாது. அப்புறம் தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் சரக்கு. சிப்ஸ் கவர் வாடை அடிக்கிற தூளை எந்த ஏலத்தில் விற்பார்கள்?

சுவீடனைச் சொன்னீர்கள். அங்கே ஈரக் கழிவில் கணிசமான பங்கைத் தனியாக எடுத்து எரிவாயு ஆக்குகிறார்கள். எரிக்கிற சூட்டைக் குழாய் வழியாக வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குழாய்தான் அங்கே லாபம். நமக்கு மின்சாரம் மட்டும் எடுத்தால் கட்டாது.

#6 மூஞ்சிக்கல்வாசி (கொடைக்கானல்)

பழனி மலையிலிருந்து ஒரு குரல். எங்களுக்குக் கிடங்கு பிரகாசபுரத்தில், டைகர் சோலையை ஒட்டி. சோலைக் காட்டுக்குப் பக்கத்தில் குப்பை மலை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது எரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2001 மார்ச்சில் எங்கள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடி. ஊர் திரண்டது, ஆலை மூடப்பட்டது, 2003இல் 290 டன் அளவுக்குக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். தொழிலாளர்களின் போராட்டம் அதன்பிறகும் பல வருஷம் ஓடியது. அந்த மூட்டைகளை யார் தொட்டார்கள், எப்படித் தொட்டார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் அதே பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. பழைய டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி. பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். எரியுலையில் போட்டால் அழியாது, புகைபோக்கி வழியாக ஏரிக்கு வந்து சேரும். கொடைக்கானல்காரனிடம் "எரித்தால் போய்விடும்" என்று யாரும் சொல்லி ஜெயிக்க முடியாது.

#7 ஃபைல்கட்டு (ஊட்டி)

சட்டம் பற்றிக் கொஞ்சம். மலைப்பகுதிக்கு என்று 2016 விதிகளில் தனியாக ஒரு பிரிவே இருந்தது, பலருக்குத் தெரியாது. மலைமேல் நிலம்நிரப்பும் கிடங்கு அமைப்பதைத் தவிர்க்கவேண்டும். மேலே குப்பையைச் சேர்த்து வண்டி மாற்றி ஏற்றும் நிலையம் ஒன்று வைத்து, பிரித்தது போக மிஞ்சிய கழிவை, மலைக்குக் கீழே 25 கி.மீ.க்குள் இடம் பார்த்து அங்கே கொண்டுபோகவேண்டும். சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவிடத்திலேயே குப்பைக் கட்டணம் வாங்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு.

2026 ஏப்ரல் 1 முதல் புது விதிகள். இரண்டு மூன்று டப்பா கதை முடிந்தது, இனி நான்கு: ஈரக் கழிவு, உலர் கழிவு, நாப்கின்-டயப்பர் வகை, தனிக் கவனம் வேண்டிய கழிவு. மூஞ்சிக்கல் நண்பர் சொன்ன பல்பு இந்த நான்காவதில் வரும்.

கூட்டத்தில் கைதட்டியவர்களுக்கு இன்னொன்று. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நம் ஊரில் காலையில் நடைபோனால் எத்தனை 5,000 ரூபாய் புகைகிறது என்று எண்ணலாம்.

#8 காரமடைக்காரன் (காரமடை)

வணக்கம். கீழே இருப்பவன் பேசலாமா? அந்த "மலைக்குக் கீழே 25 கி.மீ." என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வரைபடத்தை விரித்துப் பார்க்கவேண்டும். குன்னூரிலிருந்து இறங்கினால் பர்லியார், அப்புறம் கல்லாறு. கல்லாறு யானை வழித்தடம். கல்லட்டி வழியாக இறங்கினால் மசினகுடி, முதுமலைப் புலிகள் காப்பகம். கூடலூர்ப் பக்கம் இறங்கினால் கேரளா. ஆகக் கடைசியில் மேட்டுப்பாளையம், காரமடை என்று எங்கள் தலையில்தான் வந்து விழும்.

வெள்ளலூரில் என்ன நடந்தது? கோவை மொத்தமும் கொட்டிக் கொட்டி, 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. சுற்றியிருந்த ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். உங்கள் ஊர் குளிராக இருக்கவேண்டும், சுத்தமாக இருக்கவேண்டும், குப்பை மட்டும் எங்கள் ஊருக்கா?

#9 ரூம்நம்பர்12 (ஊட்டி)

காரமடை அண்ணா, அந்தக் குப்பையில் முக்கால்வாசி உங்கள் பக்கத்திலிருந்து கார் ஏறி வருகிறவர்கள் போடுவதுதானே.

#10 காரமடைக்காரன் (காரமடை)

வாடகை வாங்குவது நீங்கள்தானே தம்பி.

#11 பழையஇரும்பு (ஊட்டி)

சண்டை போதும். நான் இந்தத் தொழிலில் பிறந்தவன். அப்பா சைக்கிளில் சாக்குக் கட்டி வீடு வீடாகப் போனவர். இப்போது கடை, சரக்கை அழுத்திக் கட்டாக (பேல்) கட்டுகிற ஒரு பேலிங் மிஷின், நாலு ஆள்.

எனக்கு வருவதில் எது ஓடும், எது ஓடாது என்று சொல்கிறேன். பெட் பாட்டில் ஓடும். அட்டை, இரும்பு, அலுமினியம் ஓடும். பால் கவர் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் நல்ல விலை, பால் ஒட்டியிருந்தால் பாதி விலைகூடக் கிடையாது. கண்ணாடி எடை அதிகம், விலை குறைவு, கீழே கொண்டுபோகிற லாரி வாடகைக்கே கட்டாது. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், சாஷே, இவை பல அடுக்குச் சரக்கு, பிரிக்க முடியாது. யாரும் வாங்கமாட்டார்கள். மலையில் உருண்டு ஓடைக்குப் போவதில் பாதி இந்தக் கவர்தான். அதற்கு விலை இல்லை, அதனால் அதை எடுக்க ஆளில்லை.

இந்தக் கவரைத்தான் பேல் போட்டுச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். குன்னூர் ஓட்டுப்பட்டறையில் பழைய கிடங்கையே சீர்செய்து, தரம் பிரித்து, பேல் போடுகிற வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது, போய்ப் பாருங்கள், டிக்கெட் கிடையாது. ஆனால் ஆலைக்காரன் ஈரமான பேலை எடுக்கமாட்டான். மழைக்காலத்தில் நமக்குக் காய்ந்த பேல் என்பதே கனவு. லாரி வாடகை அனுப்புகிறவர் தலையில்.

#12 பாய்லர்தாத்தா (கேத்தி)

தம்பி சொன்னது முக்கியம். எரித்துத்தான் ஆகவேண்டும் என்கிற மிச்சத்துக்குச் சிமென்ட் சூளை எவ்வளவோ மேல். உள்ளே 1,450 டிகிரி வரை போகும், சாம்பல், சிமென்ட்டுக்கு அரைக்கிற கட்டியான கிளிங்கரோடு கலந்துவிடும், தனியாகக் கொட்ட ஒன்றும் மிஞ்சாது. உலை ஏற்கெனவே இருக்கிறது, நகராட்சி ஒரு செங்கல்கூட வைக்கவேண்டாம். மதுக்கரையில் இருக்கிறது, அரியலூரில் இருக்கிறது. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கி.மீ.க்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதம் இதைப் பயன்படுத்தவேண்டும் என்று 2016 விதிகளே சொல்லின. ஆகவே கூட்டத்தில் கேட்கவேண்டியது உலை இல்லை. மழை படாத ஒரு கூரையும், பேலிங் மிஷினும், லாரி வாடகைக்கு ஒரு வழியும்.

சூளைக்கும் பிவிசி பிளாஸ்டிக் போகக்கூடாது. அதில் இருக்கிற குளோரின் சூளைக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

#13 தேயிலைக்காரி (கோத்தகிரி வழி)

எல்லோரும் டவுனைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் எஸ்டேட் லைன் வீடு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு. இங்கே பேட்டரி வண்டியும் வராது, டிராக்டரும் எப்போதாவதுதான். முன்பெல்லாம் குப்பை என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை. காய்த் தோல் மாட்டுக்கு, பேப்பர் அடுப்புக்கு. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் டயப்பர். மழைக்காலத்தில் துணி காயாது, குழந்தை வைத்திருக்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அது மக்காது, அடுப்பில் போட்டால் நாறும், புதைத்தால் நாய் தோண்டும். தேயிலைச் செடிக்கு அடியில் வீசிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் இலை பறிக்க அதே வரிசையில் நாங்கள்தான் நிற்கிறோம்.

விதியில் நாப்கின் கம்பெனிகள் சுற்றிப் போட உறை தரவேண்டும் என்று இருக்கிறதாம். எங்கள் கடையில் விற்கிற எதிலும் நான் பார்த்ததில்லை. பாய்லர் ஐயா, இந்த ஒன்றுக்காவது சின்ன உலை சரிதானே? எங்கள் பள்ளிக்கூடத்தில் நாப்கினுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

#14 பாய்லர்தாத்தா (கேத்தி)

அம்மா, நேர்மையாகச் சொன்னால் இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நாப்கினுக்குள்ளும் ஈரம், பிளாஸ்டிக், ஜெல். பள்ளியில் வைக்கும் சின்னக் கருவி பல சமயம் 300, 400 டிகிரிக்கு மேல் போகாது, புகை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வரும். ஆஸ்பத்திரிக் கழிவுக்கு என்று பொதுவாக ஓர் இடத்தில் பெரிய உலை வைத்திருக்கிறார்களே, அந்த வண்டி வாரம் ஒருமுறை லைனுக்கும் வந்தால் அதுதான் சரியான வழி. புது விதியில் இதைத் தனி வகையாகப் பிரித்ததற்குப் பயன் அப்போதுதான். வண்டி வராமல் டப்பாவை மட்டும் நாலாக்கினால் உங்களுக்கு நாலு டப்பாதான் மிச்சம்.

#15 கேரட்தோட்டம் (கேத்தி பாலாடா)

ஈரக் குப்பையை யாரும் தொடவில்லை. அதுதானே பாதி?

எங்களுக்கு உரம் வேண்டும். எத்தனை சாணி வந்தாலும் போதாது. நகராட்சி உரம் என்று ஒருமுறை லோடு இறக்கினார்கள். கேரட் வயலில் போட்டோம். களை எடுக்கப் போன பெண்கள் கையில் கண்ணாடித் துண்டு. அத்தோடு சரி, அந்தப் பேச்சே எடுப்பதில்லை. உரம் விற்கவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். விவசாயி வாங்காததற்குக் காரணம் உரத்தில் இல்லை, அதில் கலந்த பிளேடில் இருக்கிறது.

மலையில் மக்காது, குளிர் அதிகம் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். ஒரு மீட்டர் உயரமாவது குவியல் இருந்தால் வெளியே உறைபனி விழுந்தாலும் உள்ளே கை வைக்க முடியாது, 55, 60 டிகிரி தாராளமாக இருக்கும். வீட்டில் சின்ன டப்பாவில் செய்தால்தான் குளிரில் தூங்கிவிடும். ஈரத்துக்குச் சமமாகக் காய்ந்தது போடவேண்டும். அதற்கு நம் மலையில் பஞ்சமா? கவாத்துக் குச்சி, சில்வர் ஓக் சருகு. வீடு வீடாக "உரம் செய்" என்று சொல்வதைவிட, பத்து இருபது வீட்டுக்கு ஒரு கூரை போட்ட தொட்டி, சுற்றி வேலி. வேலி கட்டாயம். கறி, எண்ணெய், வாழைப்பழத் தோல் வாடை பட்டால் கரடி வந்துவிடும். கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர், கோயில் விளக்கையே விடுவதில்லை.

#16 மூடுபனி (குன்னூர்)

சரி, என் கட்சி ஆட்டம் காண்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் சொல்கிற வழி பிரிப்பதில்தான் நிற்கிறது. மக்கள் பிரிக்கமாட்டார்கள் என்பதால்தானே எரியுலை கேட்கிறோம்? மஞ்சப்பை, உறுதிமொழி, சுவரோவியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல், மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1இல் தடை, நாடு முழுக்க 2022 ஜூலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை. தடைக்கு மேல் தடை. மார்க்கெட்டில் கருவேப்பிலை இன்னும் கவரில்தான் வருகிறது.

#17 ஃபைல்கட்டு (ஊட்டி)

மக்கள் செய்யமாட்டார்கள் என்பதற்கு எதிர் உதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. டாஸ்மாக் பாட்டில்.

உடைந்த பாட்டில் யானைக் காலில் ஏறிய கதைகள் உயர் நீதிமன்றம் வரை போய், 2022 மே மாதம் நீலகிரியில்தான் முதலில் ஆரம்பித்தார்கள். பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கையில். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. குடிக்கிறவர் வீசினால்கூடப் பின்னாலேயே யாராவது பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள். காட்டோரம் இப்போது பளிச்சென்று தெரிகிற வித்தியாசம். அப்புறம்தான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. ஜெர்மனியில் 2003இலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: காசு திரும்பி வரும் என்றால் எந்தக் குப்பையும் தானாக நடந்து வரும். தடை, அபராதம், வரி மூன்றுக்கும் காவலுக்கு ஆள் வேண்டும். வைப்புத்தொகைக்கு ஆள் வேண்டாம்.

#18 மூஞ்சிக்கல்வாசி (கொடைக்கானல்)

இதற்கு எங்கள் ஊர் சாட்சி. 2024இல் கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி என்று அறிவித்தார்கள். திரும்பி வராத காசு. அதனால் என்ன ஆனது? பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒளித்து வந்ததை எங்கே போடுவார்கள்? வளைவில், இருட்டில். அதே 20 ரூபாயை இறங்கும்போது திருப்பித் தருவேன் என்று சொன்னால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

#19 பழையஇரும்பு (ஊட்டி)

கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு சிக்கல். சரக்குப் பாட்டில் விற்பது ஒரே கடை, அரசாங்கக் கடை. ஒட்டுகிற ஸ்டிக்கரும் அவர்களே, வாங்குவதும் அவர்களே. தண்ணீர் பாட்டில் அப்படியா? நூறு கம்பெனி, ஆயிரம் பெட்டிக்கடை. கோவையில் வைப்புத்தொகை இல்லாமல் வாங்கிய பாட்டிலை இங்கே கொண்டுவந்து காசு கேட்டால்? என் கடை வாசலில் லாரியோடு வந்து நிற்பார்கள்.

#20 ஃபைல்கட்டு (ஊட்டி)

சரியான கேள்வி. அதனால் பாட்டிலைப் பிடிக்கக்கூடாது, வண்டியைப் பிடிக்கவேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. ஆக எந்த வண்டி, எத்தனை பேர் என்று முன்கூட்டியே பதிவாகிறது. அந்தப் பதிவிலேயே ஒரு தொகை வாங்கலாம். இறங்கும்போது கல்லாற்றிலோ குஞ்சப்பனையிலோ ஒரு மூட்டை உலர் குப்பையைக் கொடுத்தால் திரும்ப வரவு. கொடுக்காவிட்டால் அந்தக் காசு பேல் லாரி வாடகைக்கு. மலைப்பகுதியில் பயணிகளிடம் கட்டணம் வாங்க விதி இடம் தருகிறது என்று மேலே எழுதினேனே.

#21 காரமடைக்காரன் (காரமடை)

கல்லாறு! மறுபடி எங்கள் பக்கம். அந்த மூட்டையெல்லாம் செக்போஸ்டில் குவியும், யானை வரும், அப்புறம் "கீழே இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்". வாங்குகிற இடத்தை மலைமேல் வையுங்கள். லவ்டேலில் வையுங்கள், வேண்டாம் என்றா சொல்கிறேன்? பேல் போட்ட லாரி எங்கள் ஊர் வழியாக மதுக்கரைக்குப் போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

#22 ரூம்நம்பர்12 (ஊட்டி)

விருந்தாளிகளிடம் ஏற்கெனவே இ-பாஸ், பசுமை வரி, பார்க்கிங். இன்னொரு கட்டணம் என்றால் மூணாறுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் குப்பையும் இருக்காது, எங்களுக்குச் சோறும் இருக்காது.

#23 கேரட்தோட்டம் (கேத்தி பாலாடா)

திரும்பி வருகிற காசுதானே சார், கட்டணம் எங்கே? உங்கள் காட்டேஜிலேயே வாங்கி, அறை காலி செய்யும்போது நாலு டப்பாவும் சரியாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பிரியாணிப் பொட்டலம் அதனதன் இடத்துக்குப் போகும்.

#24 ரூம்நம்பர்12 (ஊட்டி)

டப்பாவைத் திறந்து பார்க்க என் பையன் சம்மதிக்கவேண்டுமே. சரி, ஒரு சீசன் 200 ரூபாய் வைத்துப் பார்க்கிறேன். கூகுளில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் உங்களைத்தான் கேட்பேன்.

#25 பாய்லர்தாத்தா (கேத்தி)

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று இருக்கட்டும். தென்கொரியாவில் 1995இலேயே குப்பைக்கு அளவுக்கேற்ற கட்டணம். உணவுக் கழிவைப் புதைப்பதை 2005இல் நிறுத்தினார்கள், 2013 முதல் அதையும் எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். நம் ஊரில் வீட்டு வரியோடு எல்லோருக்கும் ஒரே குப்பைக் கட்டணம். ஈரத்தை வீட்டிலேயே முடித்துக்கொள்கிறவருக்கும், கலந்து மூட்டை கட்டித் தருகிறவருக்கும் ஒரே தொகை. கலந்து தருகிறவருக்கு இரட்டிப்பு என்று ஒரே வரியில் ஒரு தீர்மானம் போட்டால் போதும், அடுத்த மாதம் பாருங்கள். ஆனால் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒரே தொட்டியில் கொட்டினால் என் தீர்மானத்தை நானே கிழித்துவிடுவேன். வண்டிக்குள் தடுப்பு வேண்டும், முதல் வேலை அது. அந்தத் தொட்டியில் கையை விட்டுப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் ஒருவரும் இந்த இழையில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

#26 மூடுபனி (குன்னூர்)

அடுத்த கூட்டத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். கைதட்டியவர்கள் என்னைத் திட்டட்டும். எரியுலைக் கோரிக்கையை விட்டுவிட்டு இவற்றைக் கேட்கப் போகிறேன்: வண்டியில் தடுப்பு. மழை படாத கூரையோடு பேல் கொட்டகை. இருபது வீட்டுக்கு ஒரு உரத்தொட்டி, வேலியோடு. இ-பாஸ் வைப்புத்தொகை நம் நகராட்சி கையில் இல்லை, மாவட்ட ஆட்சியருக்கு மனு. டியூப்லைட், பேட்டரி வாங்க மாதம் ஒரு நாள்.

ஆனால் தாத்தா, சிப்ஸ் கவர் விஷயத்தில் இன்னும் எனக்கு உறுத்துகிறது. சூளைக்கு அனுப்புவதும் எரிப்பதுதானே? கம்பெனிக்காரன் பாட்டுக்குச் செய்துகொண்டே இருப்பான், நாம் லாரி வாடகை கொடுத்து எரித்துக்கொண்டே இருப்போம்.

#27 பாய்லர்தாத்தா (கேத்தி)

உறுத்தட்டும். உற்பத்தியாளர் பொறுப்பு என்று 2022இல் வழிகாட்டுதல் வந்திருக்கிறது, சந்தைக்கு அனுப்பிய அளவுக்குத் திரும்ப எடுத்ததாகக் கணக்குக் காட்டவேண்டும். அந்தக் கணக்கை வேறு எங்கோ சமவெளியில் முடித்துவிடுவார்கள், மலை ஏறி வர யாருக்கு ஆசை? பேல் லாரி வாடகையை அவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எடைச் சீட்டோடு கேட்டால் மறுப்பது கஷ்டம். பழையஇரும்பு தம்பியிடம் சீட்டு இருக்கும்.

#28 பழையஇரும்பு (ஊட்டி)

இருக்கிறது ஐயா. கவர் வகைக்குத் தனி எடை போடுவதில்லை, எல்லாம் 'கலப்பு' என்றுதான் எழுதுவோம். வரும் மாதத்திலிருந்து தனியாகப் போடச் சொல்கிறேன். பிராண்ட் வாரியாகக் கேட்காதீர்கள், ஆள் ஓடிவிடுவான்.

#29 தேயிலைக்காரி (கோத்தகிரி வழி)

மூடுபனி அண்ணா, உங்கள் பட்டியலில் டயப்பர் இல்லை.

#30 மூடுபனி (குன்னூர்)

சேர்த்துவிட்டேன் தங்கச்சி. ஆனால் உங்கள் லைன் எங்கள் நகராட்சி எல்லையில் வராது, ஊராட்சி. ஃபைல்கட்டு சார், ஊராட்சி ஒன்றியத்துக்கு மனு எப்படி எழுதுவது, வண்டி கேட்டா, நாள் கேட்டா?

#31 ஃபைல்கட்டு (ஊட்டி)

இரண்டும். எஸ்டேட் நிர்வாகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். லைன் வீடு அவர்கள் நிலம், குப்பையைப் பிரித்து வைத்து எடுப்பவரிடம் கொடுக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. மேடம், எத்தனை வீடு, கடைசியாக டிராக்டர் வந்தது எப்போது என்று எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வரைவு எழுதித் தருகிறேன்.